கரண்ட் போய் வந்தாலும் எழும்பும் கணினி

பாலாவியில் இருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதிக்கு இடப்பக்கம் திறந்த கடல், வலப்பக்கம் புத்தளம் களப்பு. நடுவில் நீளும் ஒடுங்கிய மணல் நிலத்தில்தான் நுரைச்சோலை இருக்கிறது. தலா 300 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள் கொண்ட லக்விஜய அனல்மின் நிலையம், இலங்கையின் ஒரே நிலக்கரி மின் நிலையம். அதே கரையில், மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. இந்தக் குடாநாட்டின் கடல்பக்கக் கிராமம் தலவில. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கான யாத்திரிகர் இங்கே வந்து கூடுகிறார்கள்.

நாட்டுக்கே மின்சாரம் அனுப்பும் கரை என்றாலும் இங்கேயும் கரண்ட் போகும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. நுரைச்சோலை அலகுகளும் நின்றுபோயின. அவை திரும்ப இயங்கச் சில நாட்கள் பிடித்ததால் அந்த வாரம் நாடெங்கும் சுழற்சி முறையில் மின்வெட்டு. அதற்கு முன், 2022 மார்ச் இறுதியில், ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லாமல் மக்கள் இருந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வாசிகசாலையிலோ பாடசாலையிலோ வீட்டிலோ கணினி வைக்க நினைத்தால், கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதுதான் முதல் கேள்வி.

ஒற்றைப் பலகைக் கணினி இந்தக் கேள்விக்கு நல்ல பதில் தரக்கூடியது. செயலி, நினைவகம், வைஃபை, யூஎஸ்பி, திரைக்கான இணைப்பு எல்லாம் ஒரே மின்சுற்றுப் பலகையில் பதிந்திருக்கும். இந்த வகையில் உலகெங்கும் பெயர் பெற்றது ராஸ்பெரி பை. அதன் வழக்கமான பலகை 85 மில்லிமீட்டர் நீளம், 56 மில்லிமீட்டர் அகலம். ஏறத்தாழ ஒரு வங்கி அட்டை அளவு. மின்சாரம் கிடைத்தவுடன் அது தானாகவே எழும்பும். பொத்தானை அழுத்த ஆள் வரவேண்டியதில்லை. வேலையில்லாமல் இருக்கும்போது ராஸ்பெரி பை 4 சுமார் 3 வாட் மட்டுமே எடுக்கும். ஒரு சிறு மின்கலமே அதை மணிக்கணக்கில் தாங்கும்.

ஆனால் எழும்பும் கணினி எழும்பிக்கொண்டே இருக்க வேண்டுமானால், முதல் நாளே சரியாக அமைக்க வேண்டும். இந்தப் பலகைகளில் பல சில மாதங்களில் மேசை லாச்சிக்குள் போய்விடுவதற்குப் பெரும்பாலும் காரணம் பலகையின் குறை அல்ல. பொருந்தாத சார்ஜர், மலிவான மெமரி கார்ட், திடீரென்று பிடுங்கப்பட்ட பிளக்.

கேம்பிரிட்ஜில் தொடங்கிய கதை

பாடசாலைப் பிள்ளைகள் பயமில்லாமல் கழற்றிப் பூட்டி நிரல் எழுதிப் பழகும் ஒரு மலிவான கணினி வேண்டும் என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஈபன் அப்டனும் நண்பர்களும் நினைத்தார்கள். பல்கலைக்கழகத்துக்குக் கணினி படிக்க வரும் மாணவர்களுக்கு முந்தைய தலைமுறையின் கைப்பழக்கம் இல்லாமல் போனதே அவர்களுடைய கவலை. முதல் ராஸ்பெரி பை 2012 பெப்ரவரி 29ஆம் திகதி 35 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தது 700 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 மெகாபைட் நினைவகமும்தான். இருந்தும் அன்று காலையே விற்பனை நிறுவனங்களின் இணையத்தளங்கள் கூட்டம் தாங்காமல் முடங்கின. 2024 ஜூனில் ராஸ்பெரி பை நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் நுழைந்தபோது ஆறு கோடிப் பலகைகள் விற்றிருந்தன.

பலகை இவ்வளவு குறைந்த மின்சாரத்தில் ஓடுவதற்கான காரணமும் அதே கேம்பிரிட்ஜில்தான் பிறந்தது. அங்கிருந்த ஏகோர்ன் நிறுவனத்துக்காக சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த ஆர்ம் செயலி 1985 ஏப்ரலில் முதன்முதலாக இயங்கியது. இன்று கைத்தொலைபேசிகளில் இருப்பதும் ராஸ்பெரி பையில் இருப்பதும் அந்தப் பரம்பரைதான்.

நமக்குப் பக்கத்தில், கேரள அரசு சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பே எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இந்தப் பலகைகளைக் கொடுத்து நிரல் எழுதப் பழக்கியது. கையில் பலகை கிடைத்த பிள்ளை முதலில் சந்திப்பது நிரலை அல்ல, அமைக்கும் வேலையைத்தான்.

எதை வாங்குவது

முதல் தெரிவு, எந்தப் பலகை என்பது. வெப்பம், மழை போன்றவற்றை அளந்து பதியும் வேலை மட்டும் என்றால் ராஸ்பெரி பை சீரோ 2 டபிள்யூ போதும். 2021இல் 15 டொலருக்கு வந்தது. திரை வைத்து எழுத, படிக்க, பலருக்கு வைஃபை வழியே பக்கங்களைக் கொடுக்க என்றால் 2019இல் வந்த 4ஆம் மாதிரி அல்லது 2023இல் வந்த 5ஆம் மாதிரி வேண்டும். பாடசாலைக்கு 2020இல் வந்த ராஸ்பெரி பை 400 வசதி; அதில் கணினி கீபோர்டுக்கு உள்ளேயே அடங்கியிருக்கிறது, பிள்ளைகளின் கை பலகையில் படாது. இவை அறிமுக விலைகள், அறிமுக ஆண்டுகள். நினைவகச் சில்லுகளின் விலையோடு பலகையின் விலையும் ஏறி இறங்குவதால் கடையில் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

பலகைக்கு அடுத்தபடி பணம் செலவழிக்க வேண்டியது மின்வழங்கிக்கு. கைத்தொலைபேசி சார்ஜர் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று அதைச் செருகுவதில் இருந்துதான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. 4ஆம் மாதிரிக்கு 5 வோல்ட், 3 அம்பியர் வேண்டும். 5ஆம் மாதிரிக்கு 5 வோல்ட், 5 அம்பியர். சீரோ 2 டபிள்யூவுக்கு 2.5 அம்பியர். மெல்லிய, நீளமான வயர் வழியே மின்னோட்டம் கூடும்போது வயரிலேயே வோல்ட் குறைந்துவிடும். பலகைக்கு வந்து சேரும் அளவு 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் சின்னம் தெரியும். அது தெரிந்தால் முதலில் மாற்ற வேண்டியது சார்ஜரையும் வயரையும். நிரலில் பிழை தேட வேண்டியதில்லை.

5ஆம் மாதிரிக்கு இன்னொரு குணம் உண்டு. 3 அம்பியர் சார்ஜரிலும் அது எழும்பும். ஆனால் யூஎஸ்பி துளைகளுக்குக் கொடுக்கும் மின்னோட்டத்தை 600 மில்லிஅம்பியருக்குள் அடக்கிவிடும். வெளியே செருகிய ஹார்ட் டிஸ்க் ஓடாமல் நின்றால் டிஸ்க் பழுதென்று எறிந்துவிடக் கூடாது.

மெமரி கார்ட் இந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க். 32 கிகாபைட் தாராளம். கார்டின் மேல் ஏ1 அல்லது ஏ2 என்று அச்சிட்டிருந்தால், சிறு சிறு கோப்புகளை அடிக்கடி எழுதும் கணினி வேலைக்கு ஏற்றது என்று பொருள். பெயர் பெற்ற நிறுவனத்தின் கார்டை நம்பகமான கடையில் வாங்குவது நல்லது. போலிக் கார்டுகள் மேலே எழுதியிருக்கும் அளவைவிடக் குறைவாகவே தாங்கும். வீட்டு டிவியையே திரையாக வைக்கலாம். 4ஆம், 5ஆம் மாதிரிகளில் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ துளை என்பதால், டிவிக்கான சாதாரண எச்டிஎம்ஐ வயர் நேராகச் செருகப்படாது. புத்தளத்துக்கு இன்னொரு தடவை பஸ் ஏறாமல் இருக்க, அந்த வயரையும் முதலிலேயே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கார்டில் எழுதுவது

பலகை புதிதாக வரும்போது அதற்குள் இயங்குதளம் எதுவும் இராது. அதை மெமரி கார்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு ராஸ்பெரி பை இமேஜர் என்ற இலவசச் செயலி 2020 முதல் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பலகையின் மாதிரியைத் தெரிவு செய்து, இயங்குதளத்தைத் தெரிவு செய்து, கார்டைத் தெரிவு செய்தால் மீதியை அதுவே தரவிறக்கி எழுதி, எழுதியது சரிதானா என்று திரும்ப வாசித்தும் பார்க்கும். ராஸ்பெரி பை ஓஎஸ் என்பது டெபியன் லினக்ஸின் மேல் கட்டப்பட்ட இயங்குதளம். திரையோடு கூடிய பதிப்பு 1 கிகாபைட்டைத் தாண்டும். திரையில்லாத லைட் பதிப்பு அதில் ஏறத்தாழ பாதி. டேட்டா கணக்குப் பார்த்துப் பாவிக்கும் வீட்டில், நல்ல இணைய வேகம் உள்ள இடத்தில் இந்த வேலையை முடித்துவிட்டுக் கார்டை மட்டும் கொண்டு வரலாம்.

எழுதத் தொடங்கும் முன் இமேஜர் சில விவரங்களைக் கேட்கும்: கணினிக்கு ஒரு பெயர், பாவனையாளர் பெயர், கடவுச்சொல், வைஃபை விவரம், நாடு, நேர வலயம். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிரப்பிவிட்டால், திரையும் கீபோர்டும் இல்லாமலே பலகை வீட்டு வைஃபையில் சேர்ந்துகொள்ளும். எஸ்எஸ்எச் என்ற வழியையும் அங்கேயே தெரிவு செய்தால் இன்னொரு கணினியில் இருந்து அதை இயக்கலாம்.

கடவுச்சொல் விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஒரு காலத்தில் எல்லா ராஸ்பெரி பைக்கும் ஒரே பாவனையாளர் பெயரும் ஒரே கடவுச்சொல்லும்தான். அது உலகத்துக்கே தெரிந்த இரகசியமாகிவிட்டதால் 2022 ஏப்ரலில் அந்த முறையை நிறுத்தினார்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில், அனுமதியில்லாமல் வலையமைப்பில் செருகப்பட்டிருந்த ஒரு ராஸ்பெரி பை வழியாக 2018இல் ஊடுருவல் நடந்தது. சுமார் 500 மெகாபைட் தரவு போனது. பத்து மாதங்கள் யாருக்கும் தெரியவில்லை. நாசாவின் கண்காணிப்பு அலுவலகம் 2019இல் வெளியிட்ட அறிக்கை இதைச் சொல்கிறது. பாடசாலை வலையமைப்பில் இப்படி ஒரு பலகையைச் சேர்ப்பவர் அதைப் பொறுப்பாளரிடம் சொல்லி, பதிந்து வைத்துவிட்டே செருக வேண்டும்.

முதல் முறை எழுப்புதல்

முதலில் கார்ட், பிறகு திரை வயர், கீபோர்ட், மவுஸ், கடைசியாகத்தான் மின்சாரம். 4ஆம் மாதிரியில் சிவப்பு விளக்கு மின்சாரம் இருப்பதைக் காட்டும். பச்சை விளக்கு கார்டில் வாசிப்பும் எழுத்தும் நடப்பதைக் காட்டும். சிவப்பு மட்டும் எரிந்து பச்சை ஒருபோதும் துடிக்காவிட்டால், பலகை கார்டை வாசிக்கவில்லை: கார்டைக் கழற்றி மறுபடி செருகிப் பார்த்து, அப்போதும் சரிவராவிட்டால் திரும்ப எழுத வேண்டும். முதல் தடவை எழும்பும்போது பலகை கார்டின் முழு இடத்தையும் தன்வசப்படுத்தி, ஒரு முறை தானாக மறுதொடக்கம் செய்யும். அந்த நேரம் பிளக்கைப் பிடுங்கக் கூடாது.

அடுத்தது மென்பொருட்களைப் புதுப்பிப்பது. இதற்கும் டேட்டா செலவாகும். ஆனால் முதல் நாளே செய்துவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் எல்லாம் சேர்ந்துவிடும்.

பலகையின் ஓரத்தில் நிற்கும் 40 ஊசிகளில் சென்சர்களை இணைக்கலாம். அவற்றில் சமிக்ஞை ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கு மட்டும் உரியவை. 5 வோல்ட்டைத் தவறுதலாகக் கொடுத்தால் செயலியே எரியலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, படத்தைப் பார்த்து எண்ணி, அதன் பின்னரே வயர் செருக வேண்டும்.

நேரமும் தமிழும்

நேர வலயத்தில் ஆசியா, கொழும்பு என்று தெரிவு செய்ய வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்த இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளியது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரை மணி நேர வித்தியாசத்துக்குத் திரும்பியது. கணினியின் நேரப் பட்டியலில் இந்த மாற்றங்கள் எல்லாம் கொழும்பு என்ற பெயரின் கீழ் பதிந்திருக்கின்றன.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 4ஆம் மாதிரி வரையான பலகைகளில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. இணையம் இருந்தால் எழும்பியவுடன் சரியான நேரத்தைக் கேட்டுக்கொள்ளும். இணையமும் இல்லை, மூன்று மணி நேரம் கரண்டும் இல்லை என்றால், கடைசியாகத் தெரிந்த நேரத்தில் இருந்தே தொடரும். மழையை அல்லது வெப்பத்தைப் பதியும் பலகைக்கு இது பெரிய கேடு. பதிவுகள் எல்லாம் மூன்று மணி நேரம் பிந்திவிடும். பட்டன் மின்கலத்தோடு வரும் சிறு கடிகாரத் துண்டை ஊசிகளில் பூட்டினால் தீரும். 5ஆம் மாதிரியில் கடிகாரம் பலகையிலேயே உண்டு. மின்கலம் மட்டும் தனியே வாங்க வேண்டும்.

தமிழுக்கு வழி இருக்கிறது. எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துருத் தொகுப்பை நிறுவினால் போதும். கீபோர்ட் பட்டியலில் இலங்கை என்பதன் கீழேயே தமிழ்நெட் 99 அமைப்பு இருக்கிறது. இலங்கையில் பலர் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் எம்17என் என்ற உள்ளீட்டுத் தொகுப்பில் கிடைக்கிறது. ஈஸ்பீக் என்ற இலவச நிரல் தமிழ் எழுத்தை வாசித்தும் காட்டும். குரல் இயந்திரத்தனமானது என்றாலும், பார்வையற்றவர் ஒருவருக்கு அது திரையைத் திறந்துவிடுகிறது.

மின்வெட்டுக்கும் உப்புக்கும் தயார்

கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் நின்றால் கோப்பமைப்பு சிதைந்துபோகலாம்; அடுத்த தடவை பலகை எழும்பாது. ஆள் இருக்கும்போது திரைப் பட்டியலில் இருந்து முறைப்படி அணைத்து, பச்சை விளக்கு நின்ற பின்னர் பிளக்கைக் கழற்றுவது எளிய பழக்கம். சொல்லாமல் போகும் கரண்டுக்கு இரண்டு காவல்கள் உண்டு. 2022க்குப் பின் பல வீடுகளில் ரவுட்டருக்கென்று வாங்கிய மினி யூபிஎஸ் ஒன்று. அதை வாங்கும்போது 5 வோல்ட் வெளியீடு உண்டா, அது எத்தனை அம்பியர் தரும் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ரவுட்டருக்கான 9 அல்லது 12 வோல்ட் துளையை நேரே பலகைக்குக் கொடுத்தால் பலகை போய்விடும்.

இரண்டாவது காவல் செலவில்லாதது. அமைப்புப் பட்டியலில் ஓவர்லே என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் கார்ட் வாசிக்க மட்டுமே பயன்படும். இடையில் நடக்கும் மாற்றங்கள் நினைவகத்தில் இருந்துவிட்டு, அணைக்கும்போது மறைந்துவிடும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பலகைக்கு இது மிகவும் ஏற்றது. பதிவுகளைச் சேமிக்க வேண்டுமானால் அதற்கென்று தனி யூஎஸ்பி ஸ்டிக் வைக்கலாம்.

தலவிலவுக்கென்று இருக்கும் எதிரி கச்சான் காற்று. கடலில் இருந்து உப்பைச் சுமந்து வரும் அந்த ஈரம் யூஎஸ்பி துளைகளிலும் ஊசிகளிலும் படிந்து அரிக்கும். பலகையைக் கடல்பக்க யன்னலுக்கு அருகில் வைக்காமல் உள்ளறைச் சுவரில், தரையில் இருந்து உயரத்தில் பொருத்துவது நல்லது. சென்சர் மட்டும் வயரின் நுனியில் வெளியே போகலாம். உப்புக்குப் பயந்து காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் வெப்பம் கூடும். செயலி 80 பாகை செல்சியசை எட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உலோகத் தகடு பொருத்திய பெட்டி இரண்டுக்கும் இடையே நல்ல வழி. ஊசிகளைச் சில வாரங்களுக்கு ஒரு முறை பார்த்து, பச்சை படிந்திருந்தால் மென்தூரிகையால் துடைக்க வேண்டும்.

ஒரு வேலை கொடுத்தல்

அமைத்து முடித்த பலகைக்கு உடனே ஒரு வேலை வேண்டும். ஒரே இணைப்பைப் பலருக்குப் பகிர்ந்த அனுபவம் இலங்கைக்குப் புதிதல்ல. 1998இல் யுனெஸ்கோ உதவியோடு கொத்மலை சமூக வானொலி இணைய இணைப்புப் பெற்றது. நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு நிகழ்ச்சி நடத்துபவர்கள் இணையத்தில் தேடி, பதிலை ஊர் மொழியில் ஒலிபரப்பினார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் அந்தத் திட்டத்தின் கணினிகள் வைக்கப்பட்டன. வீட்டுக்கு ஒரு கணினி இல்லாத காலத்தில், ஒரு கணினி ஒரு பள்ளத்தாக்குக்கே பயன்பட்டது.

அதே காரியத்தை இன்று ஒரு சிறு பலகை இணையமே இல்லாமல் செய்யும். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாகச் சுருக்கித் தருகிறது. 2003இல் தொடங்கி, யாழ்ப்பாணத்து மயூரநாதன் போன்றோரின் உழைப்பில் வளர்ந்த தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் இருக்கின்றன. அத்தனையும் படங்களோடு சில கிகாபைட்டுக்குள் அடங்கும். 32 கிகாபைட் கார்டில் இடம் மிஞ்சும். பலகையையே வைஃபை மையமாக மாற்றும் தெரிவு வலையமைப்புப் பட்டியலில் இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கைத்தொலைபேசியில் அந்த வைஃபையைத் தெரிவு செய்து உலாவியைத் திறந்தால், டேட்டா செலவின்றி வாசிக்கலாம். பலகையின் உள் வைஃபை சில கைத்தொலைபேசிகளுக்கே போதும். முழு வகுப்புக்கு ஒரு சாதாரண ரவுட்டரைச் சேர்க்க வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டின் பல பகுதிகளில் மின்சாரத்தையும் தொலைத்தொடர்பையும் துண்டித்ததைப் பார்த்த பிறகு, ஊருக்குள்ளேயே இருக்கும் அறிவுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

பலகையை நிரந்தர இடத்தில் பொருத்தும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஓவர்லேயைப் போட்டுவிட்டு, வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடங்கள் விட்டுத் திரும்பச் செருக வேண்டும். யாரும் தொடாமல் வைஃபை திரும்ப வந்து, தமிழ்ப் பக்கம் திறந்தால் அமைப்பு சரி. இப்படிச் சில முறை செய்து பார்க்கலாம். பின் ஓவர்லேயை எடுத்துவிட்டு, பட்டியலில் உள்ள எஸ்டி கார்ட் கொப்பியர் மூலம் முழுக் கார்டையும் இன்னொரு கார்டுக்கு நகல் எடுத்து, திகதி எழுதி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். ஓவர்லேயை மறுபடி போட மறக்கக் கூடாது. பரீட்சைக்கு முந்திய இரவில் முதல் கார்ட் பழுதானால், அதை எடுத்துவிட்டு இரண்டாவதைச் செருகச் சில நிமிடங்கள் போதும்.